இடப்பக்கத்துக் கறை

இந்த அறையைத் துடைத்தவர் அவசரக்காரர். நடுவில் பளபளவென்று இருக்கிறது. நாற்காலிக் கால்களைச் சுற்றி மட்டும் அழுக்கு வளையம் வளையமாக நிற்கிறது. நாற்காலியை நகர்த்தாமல் சுற்றிச் சுற்றித் துடைத்திருக்கிறார். நான் குறை சொல்லவில்லை. இத்தனை பேர் வந்து போகிற ஸ்டேஷனில், வாங்குகிற சம்பளத்துக்கு, இது போதும். எங்கள் அம்மா பார்த்திருந்தால் "கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்.

நீங்கள் தாழ்ப்பாளைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள், மேடம். சொல்கிறேன். தாழ்ப்பாளில் தொடங்கினால் அண்ணிக்கு நடந்ததை நாத்தனார் சண்டையாக எழுதி மூடிவிடுவீர்கள். நாத்தனார் என்றாலே எல்லார் கையிலும் ஒரு கதை தயாராக இருக்கிறது. எனக்கும் அண்ணிக்கும் ஒரு நாள்கூட முகம் சுளித்துக்கொள்ளும்படி எதுவும் நடந்ததில்லை. எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. அம்மா ஆஸ்பத்திரியில் கக்கூஸ் கழுவினார். பகலெல்லாம் ஊரார் பீயைக் கழுவிவிட்டு வீட்டுக்கு வந்தால், சுவரில் சாய்ந்து காலை நீட்டிவிடுவார். வீடு அது பாட்டுக்குக் குப்பையாகக் கிடக்கும். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து ஏதாவது சொன்னால், "கெடக்கட்டும். எங்க ஓடிடப் போவுது?" என்பார். சின்ன வயதில் எனக்கு அது அவமானமாக இருந்தது. விளம்பரக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான், ஒரு பெண் வாயிலிருந்து வரக்கூடிய சொற்களில் அதைவிடத் தெம்பான சொல் கிடையாது என்று புரிந்தது. அந்தச் சொல்லை ஒழிப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

அம்மா போன பிறகு வீட்டில் அண்ணன், அண்ணி, நான். அண்ணன் பஸ் டிப்போவில் மெக்கானிக். என்னைப் படிக்க வைத்தது அவன்தான். அண்ணி துணிக் கம்பெனியில் பட்டன் தைக்கிறவர். காலையில் போய் மத்தியானத்துக்கு மேல் வருவார். நல்ல வாய். என்னை "டிகிரி" என்றுதான் கூப்பிடுவார், பாசம் வந்தால் மட்டும் "பாப்பா". டிவியில் தரை கழுவுகிற திரவத்துக்கு எங்கள் கம்பெனி எடுத்த விளம்பரம் வந்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்.

"ஏய் டிகிரி, இவ வீட்டுல கரண்டு பில்லே வராது போல. தரையே லைட்டு அடிக்குது பாரு."

"அண்ணி, அது நான் எழுதினது."

"நீ எழுதினா? கக்கூஸ் தரையில முகம் பாத்துத் தலை வாரிக்கிறா. அவளுக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் குடுக்கக்கூடாதா உங்க ஆபீஸ்ல?"

அப்படிப்பட்டவர். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்ததற்கு இது முக்கியம்.

தமிழ் நன்றாக எழுதுகிறேன் என்றுதான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். முதல் படப்பிடிப்பில் கையில் வாளியைக் கொடுத்தார்கள். எங்கள் கம்பெனியில் படங்களுக்குப் பொறுப்பானவரை எல்லாரும் முதுகுக்குப் பின்னால் "ஈரம் சார்" என்போம். கேமரா முன்னால் எதை வைத்தாலும் "இன்னும் கொஞ்சம் ஈரம்" என்பார். குழாய், இலை, பெண்ணின் தோள், எதுவானாலும். அவர் என்னிடம், "அழுக்கு நீ பண்ணும்மா. உனக்குத் தெரியும்ல" என்றார். நேர்முகத்தில் அம்மாவின் வேலை என்ன என்று கேட்டதற்கு நான் உண்மையைச் சொல்லியிருந்தேன். அங்கே நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உங்களுக்கு இது தெரிந்திருக்காது. நிஜ அழுக்கு கேமராவில் அழுக்காகவே தெரியாது. அழுக்கைத் தயாரிக்க வேண்டும். திரையை இரண்டாகப் பிரித்துக் காட்டுவார்கள் அல்லவா, இடப்பக்கம் சாதாரணத் திரவம், வலப்பக்கம் எங்கள் திரவம் என்று. இரண்டு பக்கத்துக்கும் இரண்டு விதமான அழுக்கு. வலப்பக்கத்துத் தரை ஓட்டில் முதலில் மெழுகு தேய்த்து, அதன்மேல் கொக்கோ தூளையும் கிளிசரினையும் குழைத்துப் பூசுவேன். ஈரத் துணியை வைத்து ஒரு இழுப்பு இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். தண்ணீரே போதும். இடப்பக்கத்துக்கு அதே நிறத்தில் வார்னிஷ் கலந்து, விளக்குச் சூட்டில் காய வைப்பேன். அது போகவே போகாது. எங்கள் திரவத்தை ஊற்றினாலும் போகாது, சாதாரணத் திரவத்தை ஊற்றினாலும் போகாது. ஓட்டைப் பெயர்த்தெடுத்தால்தான் உண்டு. படப்பிடிப்பில் அதற்கு "இடது" என்றே பெயர். "இடது காஞ்சிருச்சா?" என்று கேட்பார்கள்.

நான் அதில் கெட்டிக்காரியாகிவிட்டேன். செய்கிற வேலையை ஒழுங்காகச் செய்வது அம்மாவிடமிருந்து வந்த குணம்.

பிறகு எழுத விட்டார்கள். எழுத உட்கார்ந்ததும் தெரிந்தது, நாங்கள் விற்பது திரவத்தை இல்லை என்று. ஈரம் சார் ஒரு நாள் அதை எனக்கு விளக்கினார். கணவன் வீட்டுக்குள் வருகிறான். அவன் கண் முதலில் தரைக்குப் போகிறது. தரை மின்னுகிறது. பிறகு அந்தக் கண் மெதுவாக மேலே ஏறி, கூந்தலில் ஈரம் சொட்ட நிற்கிற மனைவிக்கு வருகிறது. "தரையிலிருந்து அவகிட்ட ஏறுது பாரு, அந்த அரை நொடி. அதைத்தான் பாட்டில்ல அடைச்சு விக்கிறோம்" என்றார். அவள் வியர்க்கக்கூடாது என்பது அவருடைய இன்னொரு சட்டம். தேய்க்கலாம், ஆனால் தேய்த்ததாகத் தெரியக்கூடாது. ஒரு இழுப்பு, ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். குந்தி உட்கார்ந்து, மூச்சு வாங்கி, முழங்கால் காய்த்துப் போகிற பெண்ணை எந்தப் புருஷன் நிமிர்ந்து பார்க்கிறான் என்று கேட்டார். அவர் வாழ்நாளில் கக்கூஸ் பிரஷ்ஷைத் தொட்டவர் இல்லை. எனக்கு எப்படி எரிந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

பாட்டிலின் பின்பக்கத்து எழுத்தும் என் வேலைதான். வேறு எந்தத் திரவத்துடனும் கலக்கக்கூடாது, கலந்தால் நச்சுப்புகை வரும், மூச்சுக்குழாய் வெந்துவிடும், காற்றோட்டம் வேண்டும். எல்லாவற்றையும் நான்தான் தமிழில் எழுதினேன். அதை எறும்பு ஊர்வதுபோல அச்சடித்தார்கள். பெரிதாகப் போடச் சொல்லிச் சண்டை போட்டேன். "பின்பக்கம் படிக்கிறவ முன்பக்கத்துக்கு மயங்க மாட்டா. நமக்கு அவ வேண்டாம்" என்று ஈரம் சார் சொன்னார். அன்றைக்கு நான் கத்திய கத்தலை அந்த மாடியில் இருந்த எல்லாரும் கேட்டார்கள். பெண்கள்மேல் எனக்கு அக்கறை இல்லை என்று நினைத்துவிடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அக்கறை இருந்ததால்தான் நான் வேறு மாதிரி ஒரு படம் எழுதினேன். அதில் ஆண் துடைக்கிறான். கேலி இல்லை, மனைவிக்கு உடம்பு சரியில்லை என்ற சாக்கும் இல்லை. துடைக்கிறான், வேலை முடிந்தது, கையைக் கழுவுகிறான். பிடிவாதம் பிடித்து அதை ஒப்புக்கு எடுக்க வைத்தேன். படத்தை வெளியிடும் முன்பு பெண்களை அழைத்துப் போட்டுக் காட்டுவது எங்கள் வழக்கம். ஒரு அறையில் அவர்களை உட்கார வைத்து டீ கொடுப்பார்கள். பக்கத்து அறையில் கண்ணாடிக்குப் பின்னால் நாங்கள் இருப்போம். எங்களுக்கு அவர்கள் தெரிவார்கள், அவர்களுக்கு நாங்கள் தெரிய மாட்டோம்.

படம் ஓடியது. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இன்னொருவர், "இவன் பொண்டாட்டி எங்க, செத்துட்டாளா?" என்றார். அறையே சிரித்தது.

"பாவம், அந்த மனுசன் குனியறதப் பாத்தாலே தெரியுது, பழக்கமில்ல."

"எங்க வீட்டுல இப்படிச் செஞ்சா நான் மறுபடி தொடைக்கணும்."

"அவ என்ன பொம்பளைன்னு கேக்கறேன்."

ஈரம் சார் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பாத்தியா? நாம யாரையும் கட்டிப் போடல. அவங்களே கயித்தைக் கொண்டு வந்து குடுக்கறாங்க, நாம முடிச்சு மட்டும் போடறோம்."

"எல்லாரும் அப்படி இல்ல சார்" என்றேன்.

"யாரு இல்ல?"

"எங்க அண்ணி. நம்ம விளம்பரம் வந்தாலே சிரிப்பாங்க."

"சிரிக்கிறவங்கதான் முதல்ல வாங்குவாங்க. அவங்க தரையில ஒரு கறை விழுந்து, வீட்டுக்காரன் அதைப் பாத்துட்டான்னு வை. அப்ப சிரிக்கிறாங்களான்னு பாரு."

இதைச் சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார். அவருக்கு இது நினைவிருக்காது. நான்தான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண்கள் இலவசப் பையை வாங்கிக்கொண்டு இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதுவரை எனக்கு அவர்மேல்தான் கோபம் இருந்தது. அன்றைக்கு அந்தக் கோபம் கண்ணாடியைத் தாண்டிப் போய்விட்டது. எனக்காக நான் எதுவும் கேட்கவில்லை, அவர்களுக்காகத்தான் கேட்டேன், அவர்களே சிரித்தார்கள். அண்ணி அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். ஈரம் சார் தோற்றுப்போவார், நானும் அண்ணியும் ஜெயிப்போம். எண்ணம் இவ்வளவுதான். இதில் கெட்ட எண்ணம் எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

இடது கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அண்ணி வேலைக்குப் போயிருந்த நேரத்தில், குளியலறையில் தண்ணீர் போகிற ஓட்டைக்குப் பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் பூசினேன். விளக்குச் சூடு கிடையாது என்பதால் முடி உலர்த்துகிற மிஷினைப் பிடித்தேன். நன்றாக வந்தது. துருவும் எண்ணெயும் சேர்ந்து பல நாள் ஊறின மாதிரி இருந்தது.

அண்ணி வந்து பார்த்தார். "ஏய் டிகிரி, என்னத்தடி ஊத்தின இங்க?" என்றார். நான் தெரியாது என்றேன். துடைப்பத்தால் நாலு தேய் தேய்த்துவிட்டு, "போறப்ப போவுது" என்று வந்துவிட்டார். எனக்கு அன்றைக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஆனால் சோதனை என்றால் முழுதாகச் செய்ய வேண்டும். அண்ணன் அதைக் கவனிக்கவேயில்லை. டிப்போ கிரீஸை அப்பிக்கொண்டு வந்து வாசலிலிருந்து குளியலறை வரை கறுப்புக் காலடி வைத்துப் போகிறவனுக்கு ஒரு கறை எப்படிக் கண்ணில் படும்? நான்தான் சொன்னேன். "அண்ணே, பாத்ரூம்ல ஒரு கறை இருக்கே, பாத்தியா?" இதைத் தவிர நான் வேறொன்றும் சொல்லவில்லை. மீதியை அவனே பார்த்துக்கொண்டான்.

"என்னடி இது, எங்க டிப்போ தேவலாம் போல இருக்கு."

"உன் கால்ல இருந்து உதிர்ந்ததா இருக்கும், போய்யா."

முதல் நாள் அது வேடிக்கைதான். அண்ணன் சிரித்தான், அண்ணியும் சிரித்தார். நாலைந்து நாளில் அவன், "இன்னும் அப்படியே இருக்கு?" என்று கேட்டான். பிறகு, "மத்தியானமே வந்துடறல்ல, என்னதான் பண்ற?" என்றான். சண்டையெல்லாம் இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டான். அவன் நல்லவன். நல்லவர்கள் சாதாரணமாகக் கேட்பதுதான் உள்ளே இறங்குகிறது, நாங்கள் படத்தில் கணவன் குரலை எப்போதும் தணித்துத்தான் வைப்போம்.

அண்ணி தேய்க்க ஆரம்பித்தார். நான் இன்னொரு கறையை வாஷ் பேசினுக்கு அடியில் போட்டேன்.

நீங்கள் முகம் சுளிக்கிறீர்கள். ஆனால் ஒவ்வொரு கறையும் அவருக்கு நான் கொடுத்த வாய்ப்பு என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் அவர் எங்கள் அம்மாவைப்போல அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு வெளியே வந்திருக்கலாம். யாரும் தடுக்கவில்லை. அதற்குப் பதிலாக அவர் என்னிடம் வந்து, "உங்க ஆபீஸ்ல அந்த நீலத் தண்ணி குடுக்கறாங்கல்ல, ஒரு பாட்டில் கொண்டாயேன்" என்றார். விளம்பரத்தைப் பார்த்துச் சிரித்த அதே வாய். கொண்டுவந்து கொடுத்தேன். படப்பிடிப்புக்கு வருகிற பாட்டில்களில் லேபிள் இருக்காது, தயாரிக்கிற கம்பெனியிலிருந்து வெறும் பாட்டிலாகத்தான் வரும். அதனால் அண்ணி பின்பக்கத்தைப் படிக்க வாய்ப்பில்லை.

நீலத் தண்ணிக்கும் அந்தக் கறை அசையவில்லை. கறையைச் சுற்றி இருந்த ஓடெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது, நடுவில் அது மட்டும் இன்னும் கறுப்பாக நின்றது. அண்ணி தேய்ப்பதை அண்ணன் பார்க்கக்கூடாது என்று நினைக்கத் தொடங்கினார். அவன் வருவதற்கு முன்பே கதவைச் சாத்திக்கொண்டு தேய்த்து முடித்து, குளித்து, தலை வாரி, வேறு துணி மாற்றிக்கொண்டு நிற்பார். அப்படி நிற்க வேண்டும் என்று நான் சொல்லித்தரவில்லை. ஈரத் தலையோடு குளியலறை வாசலில், கறையை மறைத்த மாதிரி, அண்ணனைப் பார்த்தபடி. ஈரம் சார் வைக்கிற ஷாட் அப்படியே. அண்ணன் வந்தான். அவன் கண் முதலில் தரைக்குப் போனது. அங்கேயே நின்றுவிட்டது. மேலே ஏறவில்லை. அண்ணியின் முகம் வாடியதை நான் சமையல் மேடையிலிருந்து பார்த்தேன். அந்த அரை நொடியை அவ்வளவு பக்கத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எங்கள் விளம்பரம் வந்தது. வலப்பக்கத்தில் அந்த ஒரு இழுப்பு. அண்ணி சிரிக்கவில்லை. சோற்றுக் கையோடு திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பாப்பா, நீங்க எடுக்கறப்ப நெசமாவே ஒரே தடவையில போவுமா?"

"போகும் அண்ணி."

இது பொய் இல்லை. வலது ஒரே தடவையில் போகும், நானே பூசி நானே பார்த்திருக்கிறேன். நீங்கள் பதிவு செய்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன், இந்த விஷயத்தில் தொடக்கம் முதல் முடிவு வரை அண்ணியிடம் நான் ஒரே ஒரு பொய்தான் சொன்னேன். அது முதல் நாள் சொன்ன "தெரியாது".

அண்ணி தன் கையைத் திருப்பிப் பார்த்தார். நீலத் தண்ணி விரல் இடுக்கெல்லாம் உரித்திருந்தது. கம்பெனியில் துணியில் ரத்தம் படுகிறது என்று திட்டு வாங்கியதாகச் சொல்லியிருந்தார். "அப்ப என் கையிலதான் ஏதோ கொறை" என்றார்.

நான் எழுந்து போய் அதை எழுதி வைத்தேன். மறுநாள் ஈரம் சார் முன்னால் படித்தேன். "குறை உங்கள் கையில் இல்லை, சகோதரி. பாட்டிலில்." அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த அலுவலகத்தில் முதல் தடவையாக ஒருவர் என்னை அப்படிப் பார்த்தார். அது எவ்வளவு நல்ல வரி என்று உங்களுக்கே தெரியும். உங்கள் வீட்டிலும் அந்தப் பாட்டில் இருக்கும், இல்லையென்று சொல்லாதீர்கள். அந்த வரியைக் கேட்டு அழுததாகப் பெண்கள் கடிதம் போட்டார்கள். தங்களை யாரும் இப்படித் தேற்றியதில்லை என்று எழுதினார்கள். ஊரிலிருக்கிற அத்தனை பெண்களிடமும் அவர்கள்மேல் குற்றமில்லை என்று நான் சொல்லியிருக்கிறேன். இதைச் செய்தவளைத்தான் நீங்கள் இங்கே உட்கார வைத்திருக்கிறீர்கள்.

அண்ணியிடமும் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொன்னால் சோதனை கெட்டுவிடும்.

இனி அந்த விடுமுறை நாள். அண்ணன் டிப்போவுக்குப் போய்விட்டான், சாயங்காலம்தான் வருவான். நான் வீட்டில் அடுத்த படத்துக்கு வரி யோசித்துக்கொண்டிருந்தேன். அண்ணி கடைக்குப் போயிருந்தபோது இடதில் மிச்சமிருந்ததையெல்லாம் குளியலறைச் சுவரில், நிமிர்ந்தால் கண்ணுக்கு நேராகப் படுகிற மாதிரி பூசினேன். நீலப் பாட்டிலுக்குப் பக்கத்தில், வெள்ளைத் துணிகளுக்கான இன்னொரு திரவத்தையும் வைத்தேன். அதுவும் நாங்கள் விளம்பரம் செய்கிற பொருள்தான். அதிலும் லேபிள் கிடையாது.

அண்ணி வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். இப்போது அந்தச் சொல்லைச் சொல்லப் போகிறார், இப்போது சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் துணியைத் தூக்கிச் செருகிக்கொண்டு குந்தி உட்கார்ந்து பாட்டில்களை எடுத்தார்.

"பாப்பா, இது ரெண்டையும் சேத்து ஊத்தினா என்ன?"

கேட்டார், மேடம். என்னிடம் கேட்டார். படித்தவள், அந்த ஆபீஸில் வேலை செய்கிறவள், எனக்குத் தெரியும் என்று கேட்டார். பின்பக்கத்து எழுத்து முழுவதும் எனக்கு மனப்பாடம். அண்ணிக்குச் சின்ன வயதிலிருந்து மூச்சிழுப்பு உண்டு என்பதும் தெரியும், மருந்து வாங்கி வருவதே நான்தான்.

"ஊத்திப் பாருங்களேன் அண்ணி" என்றேன்.

பொய் இல்லை, கவனியுங்கள்.

இப்போது தாழ்ப்பாள். எங்கள் குளியலறைக் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் உடைந்துபோய் வருஷக்கணக்காகிறது. வெளியே மட்டும்தான் உண்டு. காற்றடித்தால் கதவு ஆடி ஆடிச் சத்தம் போடும், எழுத முடியாது. அதனால் போட்டேன் என்று முதலில் சொன்னேன். அன்றைக்குக் காற்றே இல்லை என்று நீங்கள் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். இருக்கலாம். கதவு திறந்திருந்தால் அவர் பாதியில் எழுந்து வந்துவிடுவார், மூக்கு எரிகிறது என்பார், நான் ஜன்னலைத் திறப்பேன், பேச்சு வேறு பக்கம் போய்விடும். அவர் தோற்றாரா ஜெயித்தாரா என்று எனக்குக் கடைசி வரை தெரியாமலே போய்விடும். அதனால் போட்டேன். நான்தான் போட்டேன்.

முதலில் தேய்க்கிற சத்தம் கேட்டது. பிறகு இருமல். பிறகு கதவைத் தள்ளினார்.

"பாப்பா, கதவு மாட்டிக்கிச்சு போல. கொஞ்சம் தொற."

நான் கதவுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். "கறை போச்சா அண்ணி?" என்று கேட்டேன்.

இரண்டு தடவை இருமினார். பிறகு சொன்னார். "போயிட்டே இருக்குடா. இன்னும் ஒரு கை தேய்ச்சா போயிடும்."

திரும்பவும் தேய்க்கிற சத்தம்.

இதை உங்களுக்கு எப்படிப் புரிய வைப்பது என்று தெரியவில்லை. மூச்சு முட்டுகிறது, கதவு சாத்தியிருக்கிறது, நான் கறையைப் பற்றிக் கேட்டதும் அவர் திரும்பிப் போய்த் தேய்த்தார். அது போகாது. ஒரு துளிகூடப் போயிருக்காது. எனக்காகப் பொய் சொன்னார். அந்த ஈரம் சார் பந்தயம் எதுவும் கட்டாமலே ஜெயித்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தை நான் போய் உட்கார்ந்து எழுத்தில் கொண்டுவர முயற்சி செய்தேன். "இன்னும் ஒரு கை" என்று எழுதினேன். நல்ல தொடக்கம். அதற்கு அடுத்த சொல்லைத் தேடிக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டினார். பிறகு கீழே, தரைக்குப் பக்கத்திலிருந்து தட்டினார். பிறகு தட்டவில்லை. வரியை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அண்ணன் சாயங்காலம் வந்தான். கிரீஸ் காலோடு உள்ளே ஓடினான். அவன் சட்டையைக் கிழித்துக்கொண்டு அழுதபோது, அவன் காலடி வழியெல்லாம் கறுப்பாக விழுந்திருந்ததை நான் பார்த்தேன். அதை யாரும் துடைக்கவில்லை. அந்தச் சுவரைச் சுரண்டி எடுத்துப்போய் அது வார்னிஷ் என்று கண்டுபிடித்தீர்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அதே வார்னிஷ் எங்கள் படப்பிடிப்புக் கூடத்தில் டப்பா டப்பாவாக இருக்கிறது, அதை யாரும் சுரண்டப் போவதில்லை. ஈரம் சார் அடுத்த படத்தை எடுத்துக்கொண்டிருப்பார். நான் அதிகம் போனால் ஒரு வீட்டில்தான் பூசினேன்.

நீங்கள் நான் அண்ணியை வெறுத்தேனா என்று கேட்டீர்கள். அண்ணியை என்னைவிட யாரும் நம்பியதில்லை. கடைசி நிமிஷம் வரைக்கும் நம்பினேன். கறை போச்சா என்று கேட்டபோது என் கை தாழ்ப்பாள்மேல்தான் இருந்தது. எங்கள் அம்மா தினமும் சொன்ன ஒரு சொல். "கெடக்கட்டும்" என்று அவர் ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால், நான் கதவைத் திறந்திருப்பேன்.